சும்மாட்டுக்கு ஒரு சட்டம்

1922-ல் ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர்களைச் சங்கமாக்கினார் வாடப்புறம் பாவா. அவர்களுக்குத் தொழிற்சாலை இருந்தது, வாசல் இருந்தது, எதிரே நிறுத்திக் கேட்க முதலாளி இருந்தார். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் சாலைக்கடைத் தெருவின் சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிக்கு அது எதுவும் இல்லை.

திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு அது. நம் தமிழர்கள் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் இடம்; எழுத்தாளர் ஆ. மாதவனும் அங்கே கடை நடத்தியவர்தான். விடியலில் லாரி வந்து நிற்கும். தோள்துண்டை முறுக்கி வளையமாகச் சுருட்டி உச்சந்தலையில் வைத்தால் சும்மாடு தயார். மேலே நிற்பவர் மூட்டையை இறக்க, கீழே நிற்பவர் கழுத்தை விறைத்து வாங்கி, இரண்டு எட்டுத் தள்ளாடி, பிறகு ஓட்டமும் நடையுமாகக் கடைக்குள் போவார். நின்றால் பாரம் அழுத்தும்.

காலையில் ஒரு கடை, மதியம் வேறொரு கடை. கழுத்துப் பிசகினால் யார் பொறுப்பு? ஒவ்வொரு வியாபாரியும் அடுத்தவரைக் கைகாட்டலாம். கூலி பேசப் போனால், குறைத்துத் தூக்க இன்னொருவர் காத்திருப்பார். பசிதான் இந்தப் பேரத்தில் விலையை நிர்ணயித்தது.

இந்த முடிச்சை மகாராஷ்டிரம் 1969-ல் மாத்தாடி (சுமைதூக்கும்) தொழிலாளர் சட்டத்தால் அவிழ்த்தது. கேரளம் 1978-ல் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது; 1983-ல் நலத்திட்டம் வந்தது. திட்டம் நடப்பிலுள்ள இடங்களில் வியாபாரி கூலியையும் அதன்மேல் ஒரு பங்கையும் நலவாரியத்தில் கட்டவேண்டும். அந்தப் பங்கிலிருந்து போனஸ், விடுப்புச் சம்பளம், மருத்துவ உதவி, ஓய்வூதியம். பல முதலாளிகளின் பொறுப்பை ஒரே கணக்கில் சேர்த்த இந்த ஏற்பாடுதான், என் பார்வையில், கூலி உயர்வைவிடப் பெரிய வெற்றி.

ஆனால் இந்தச் சட்டப்படி பதிவு பெற்றவருக்கே வேலை என்ற உரிமை ஓரிடத்தில் தடம் புரண்டது. வீட்டுக்காரர் தாமே சாமான் இறக்கினாலும், பார்த்து நின்றதற்குச் சங்கத்துத் தொழிலாளர்கள் பணம் கேட்டார்கள்: நோக்குகூலி. கடன்பட்டு வீடு கட்டியவர்களிடமும் வாங்கினார்கள். அது அநியாயம், அந்தச் சங்கங்களை மதிப்பவர்கள்தான் இதை முதலில் சொல்லவேண்டும். 2018 மே தினத்திலிருந்து அரசு அதைத் தடை செய்தது.

சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்தை மட்டும் அதிகம் பேர் பேசவில்லை. ஒருவர் சுமக்கக்கூடிய அதிகபட்சப் பாரம் 75 கிலோவிலிருந்து 55 கிலோவாக இறங்கியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அந்த 55-ஐப் பரிந்துரைத்தது 1967-ல்.