பெருங்குடல் புற்றுநோய்க்கான நுண்துளை அறுவை சிகிச்சை: மதுரை வட்டாரம்

வயிற்றை நெடுகக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திக் குடல் புற்றை அகற்றும் முறை இது. லேப்ராஸ்கோப்பி என்றால்தான் மருத்துவமனையில் புரியும். இந்தியாவில் இவ்வழியில் பித்தப்பையை முதலில் அகற்றியவர் மும்பையின் டெகம்டன் உத்வாடியா (1990). மறு ஆண்டே மயாமியில் மோய்சஸ் ஜேக்கப்ஸ் குழு பெருங்குடலை இப்படி அகற்றியதைப் பதிவு செய்தது. தமிழகத்தில் இத்துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கோவை சி. பழனிவேலு. ஆனால் பித்தப்பையில் பரவிய வேகத்தில் முறை புற்றில் பரவவில்லை. தயங்கியவர்களிடம் நியாயம் இருந்தது: 1994இல் வெளியான ஓர் அறிக்கையில், 14 நோயாளிகளில் 3 பேருக்குத் துளையிட்ட இடத்திலேயே புற்று மீண்டும் முளைத்திருந்தது.

அந்த அச்சத்தைப் போக்கியது 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு. 872 பெருங்குடல் நோயாளிகளில், மூன்றாண்டுக்குள் புற்று திரும்பியவர்கள் துளைமுறையில் 16 விழுக்காடு, திறந்த முறையில் 18. காயத்தில் புற்று முளைத்தது இரண்டிலும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. ஆகவே பழுது துளையில் இல்லை, பழகாத கையில் இருந்தது என்று கொள்ளலாம். மருத்துவமனையில் தங்கியது ஆறு நாளுக்குப் பதில் ஐந்து. ஒரு நாளுக்காகவா இத்தனை விலைமிக்க கருவிகள் என்று கேட்கலாம். மேலூரிலும் உசிலம்பட்டியிலும் கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கணக்கு வேறு. நடுவயிற்றுத் தையல் உறுதிப்படும்வரை அவர் சுமை தூக்க முடியாது. அத்தனை நாள் கூலியும் போகும். செலவில் ஒரு பங்கை 2012 முதல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது.

மலக்குடலில் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. 2015இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு இரு முறைகளும் சமம் என்றது; அமெரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வுகளால் அதை நிறுவ முடியவில்லை. குறுகிய இடுப்பெலும்புக் குழிக்குள் புற்றைச் சுற்றிய கொழுப்புறையைச் சிதையாமல் எடுப்பது அத்தனை கடினம். ரோபோவும் (விளம்பரப் பலகைகள் என்ன சொன்னாலும்) 471 பேரிடம் நடந்த 2017 ஆய்வில் தெளிவான மேன்மை காட்டவில்லை. மதுரையில் எர்ஸ்கின் மருத்துவமனையாக இருந்த அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு 2019இல் உயர்சிறப்புப் பிரிவுக் கட்டடம் கிடைத்தது. கட்டடமும் கருவியும் வந்துவிட்டால் போதாது. நோயாளி உரிய காலத்தில் வர வேண்டும். மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று முடிவு கட்டி, சுவரொட்டி வைத்தியத்தில் மாதங்களைக் கழிப்பவர்கள் இங்கே நிறைய. குடல் அடைத்து, வயிறு உப்பி அவசரப் பிரிவுக்கு வரும்போது உள்ளே கருவி நுழைய இடமிருக்காது. பெரும்பாலும் வயிற்றைத் திறந்தே ஆக வேண்டியிருக்கிறது.