ஏழு நாடுகளில் ஆடிய கால்கள்

2015ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் மாலை, சென்னை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் இரண்டாம் ஆண்டுப் போட்டிகள் தொடங்கின. சென்னை அணியும் கொல்கத்தா அணியும் மோதின. கொல்கத்தாவில் குடியேறிய தமிழன்பர்கள் அன்று எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விட்டுவிடுவோம். கொல்கத்தா 3க்கு 2 என்ற கணக்கில் வென்றது. அம்மூன்றில் இரண்டு கோல்களை அடித்தவர் 33 வயதான ஒரு போர்ச்சுகீசியர். அதே ஆட்டத்தில் அவர் காயமுற்றார். அந்தப் பருவம் முழுவதும் மீண்டும் களமிறங்க இயலவில்லை.

அவர் பெயர் ஹெல்டர் போஸ்டிகா. கால்பந்து வரலாற்றின் முதல் வரிசையில் இடம்பெறும் பெயரன்று அது. ஆயினும், பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று வாழும் நம்மவர்க்கு அம்மனிதரின் வரலாற்றில் அறிந்துகொள்ளத்தக்கன பல உண்டு. பதினைந்து ஆண்டுகளில் பதினொரு கழகங்கள், ஏழு நாடுகள்: இதுவே அவருடைய பணிப்பதிவேட்டின் சுருக்கம்.

முன்னாளில் கால்பந்தாட்டக்காரர்கள் இவ்வாறு அலைந்ததில்லை. போர்ச்சுகலின் பெருமைக்குரிய யூசேபியோ 1975 வரையில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் லிஸ்பனின் பென்பிகா கழகத்திலேயே ஆடினார். வட அமெரிக்கக் கழகங்களை அவர் நாடியது ஆட்டவாழ்வின் மாலைப்பொழுதில்தான். ஒப்பந்தம் முடிந்தாலும் கழகத்தின் இசைவும், மாற்றுத் தொகையும் இன்றி ஆட்டக்காரர் வேறிடம் செல்ல இயலாத காலம் அது. 1995 டிசம்பர் 15ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம், ஜான் மார்க் போஸ்மன் என்னும் பெல்ஜிய ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தவர், ஐரோப்பிய ஒன்றியத்துள் விரும்பிய நாட்டுக் கழகத்திற்கு மாற்றுத் தொகையின்றிச் செல்லலாம். ஒன்றியக் குடிகளை அயல்நாட்டார் என எண்ணி எண்ணிக்கை வரம்பு கட்டுதலும் கூடாது. 1986இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்திருந்த போர்ச்சுகலின் இளைஞர்க்கு இத்தீர்ப்பால் கதவுகள் திறந்தன. சிறிய நாடு, பெரிய ஊதியம் தர இயலாத கழகங்கள். இளைஞரைப் பயிற்றி அயலாருக்கு விற்பதே அக்கழகங்கள் பிழைக்கும் வழியுமாயிற்று.

போஸ்டிகா இக்காலத்தின் பிள்ளை. 1982 ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்தவர். வட போர்ச்சுகலின் கடலோரத்தில், மீனவர் மிகுந்து வாழும் வட்டாரத்தைச் சேர்ந்தவர். போர்ட்டோ கழகத்தில் பயின்று, 2001இல் அதன் முதன்மை அணியில் இடம்பெற்றார். பயிற்றுநர் ஜோஸே மொரீனியோவின் கீழ் அவ்வணி 2003இல் நாட்டின் லீக் பட்டத்தையும், யூஏபா கோப்பையையும் வென்றது. ஆனால் ஸெவில் நகரில் நிகழ்ந்த கோப்பை இறுதியாட்டத்தில் போஸ்டிகா ஆடவில்லை. ஒழுங்கு விதியின்படி அவ்வாட்டத்திற்குத் தடை பெற்றிருந்தார். அரையிறுதி வரை உடன் உழைத்தவர், விருந்து நாளன்று வெளியில் நிற்க நேர்ந்தது.

அதே கோடையில், இருபத்தொரு வயது நிரம்பும் தறுவாயில், 60 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட விலைக்கு லண்டனின் டாட்டனம் கழகம் அவரை வாங்கியது. அரசாங்க ஊழியர்க்கு இங்கு நேர்ந்ததை விளக்க வேண்டியதில்லை. அவர் வந்து சேர்ந்தபோது பயிற்றுநராக இருந்த கிளென் ஹாடில், செப்டம்பர் மாதத்திலேயே பதவி இழந்தார். நம்மை விரும்பி அழைத்த அதிகாரி மாற்றலாகிப் போனபின், புதிய அறையில் நாற்காலி தேடி நிற்பவனின் நிலை எத்தகையது? அந்தப் பருவத்தில் லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். அவர் விட்டு வந்த போர்ட்டோவோ, 2004 மே மாதம் ஐரோப்பாவின் தலையாய சாம்பியன்ஸ் லீக் கோப்பையையே வென்றது. ஓராண்டு பொறுத்திருந்தால் அவரும் அந்த மேடையில் நின்றிருக்கலாம். ஊதியம் நாடிச் சென்றவன் வீட்டில் நிகழ்ந்த நல்ல காரியத்தைத் தவறவிடுவது, நமக்கும் பழகிய துயரந்தானே!

ஆனால் ஒரு மாதத்திற்குள் காலம் அவருக்கு வேறொரு வாயிலைத் திறந்தது. 2004 ஜூன் 24ஆம் நாள், லிஸ்பன் நகரில், ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக் கால்இறுதி. எதிரணி இங்கிலாந்து. மூன்றாம் நிமிடத்திலேயே கோல் வாங்கிய போர்ச்சுகல், முக்கால் மணிக்கு மேல் கடந்தும் ஈடுகட்ட இயலாது தவித்தது. பயிற்றுநர் ஸ்கொலாரி, நாட்டின் கண்மணியான தலைவர் லூயிஸ் ஃபீகோவை வெளியே அழைத்து, லண்டனில் சோபிக்காத இந்த இளைஞரை உள்ளே அனுப்பினார். அரங்கம் திகைத்தது. 83ஆம் நிமிடத்தில் போஸ்டிகா தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் செலுத்தினார். கூடுதல் நேரத்தில் இரு அணிகளும் தலைக்கு ஒரு கோல் அடிக்க, ஆட்டம் 2க்கு 2 எனச் சமனாகி, பெனால்டி உதைகளுக்குச் சென்றது.

ஐந்து உதைகள் முடிந்தும் முடிவு தெரியவில்லை. ஆறாம் உதையில் இங்கிலாந்து கோல் அடித்துவிட்டது. அடுத்து வந்தவர் போஸ்டிகா. தவறினால் நாடே தோற்கும். அவர் ஓடிவந்து, வலிய உதைப்பவர்போல் காட்டி, பந்தின் அடியை மெல்லக் கிள்ளினார். கோல் காவலர் ஒரு பக்கம் பாய்ந்து விழ, பந்து சாவதானமாக நடுவில் மிதந்து சென்று வலையில் இறங்கியது. 1976இல் செக்கோஸ்லவாகியாவின் பானென்கா காட்டிய வித்தை அது. அடுத்த இங்கிலாந்து உதையைப் போர்ச்சுகல் காவலர் ரிக்கார்டோ தடுத்து, தாமே உதைத்து வெற்றியும் தந்தார். இறுதியாட்டத்தில் அந்நாடு கிரேக்கத்திடம் தோற்றது வேறு கதை. இரண்டாண்டுகளுக்குப்பின், 2006 உலகக் கோப்பைக் கால்இறுதியில் மீண்டும் இங்கிலாந்து, மீண்டும் பெனால்டி உதைகள். போஸ்டிகா மீண்டும் தவறவில்லை.

இத்தகைய இரவுக்குப் பின்னும் அவர் வாழ்வு நிலைகொள்ளவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. 2004இல் வேறோர் ஆட்டக்காரருக்கு ஈடாகப் போர்ட்டோவுக்கே திரும்பினார். 2006 தொடக்கத்தில் பிரான்சின் சேன்ட் எத்தியென் கழகத்திற்கும், 2008இல் ஆதென்ஸ் நகரின் பானாதினாய்க்கோஸ் கழகத்திற்கும் இரவலாக அனுப்பப்பெற்றார். அண்டைவீட்டார் பாத்திரம் கேட்டால் இரவல் கொடுப்போம். மனிதனையே இரவல் கொடுக்கும் தொழில் இது. பின்னர் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங். 2011இல் ஸ்பெயினின் ஸரகோஸா. அங்கே 2012-13 பருவத்தில் லீக் ஆட்டங்களில் 14 கோல்கள் அடித்தார். ஆயினும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. தன் கடமையை ஒருவன் செவ்வனே செய்தும் நிறுவனம் மூழ்குவதுண்டு. அதன்பின் வலென்ஸியா, அங்கிருந்து ரோமாபுரியின் லாட்ஸியோவுக்கு இரவல், பின் லா கொரூன்யாவின் டிபோர்ட்டிவோ, அதன்பின் நம் கொல்கத்தா.

இத்தனைக்கும் நடுவே, நாட்டணி அழைத்தபோதெல்லாம் அவர் சென்றார். போர்ச்சுகலுக்காக 71 ஆட்டங்கள், 27 கோல்கள். எந்தக் கழகமும் நிலையான நாற்காலி தராத ஒருவர், சொந்த நாட்டின் சட்டையில் மட்டும் பத்தாண்டுகளுக்கு மேல் இடம் பெற்றிருந்தார்.

2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சொந்த வட்டாரத்தின் கழகமாகிய ரியோ ஆவேயில் சில மாதங்கள் ஆடினார். விடுமுறைக்கு ஊர் சென்றவன் மீண்டும் ரயிலேறுவதுபோல, அவ்வாண்டே கொல்கத்தாவுக்குத் திரும்பினார். 2016 டிசம்பர் 18ஆம் நாள் கொச்சியில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில், கேரள அணியைக் கொல்கத்தா பெனால்டி உதைகளில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அன்று கொல்கத்தாவைச் சமனுக்குக் கொணர்ந்த கோலை அடித்தவரும் ஒரு போர்ச்சுகீசியரே: ஹென்ரிக் ஸெரேனோ.

கொச்சி என்றவுடன் வரலாறு படித்தோர் நெஞ்சில் வேறொரு நினைவு எழும். 1524 டிசம்பரில் வாஸ்கோ ட காமா உயிர்நீத்த நகரம் அது. 1503இலேயே போர்ச்சுகீசியர் அங்கே கோட்டை கட்டினர். கோவாவினின்று அவர்களது ஆட்சி அகன்றது 1961 டிசம்பரில். பீரங்கியுடன் வந்து கப்பம் கேட்ட நாட்டினின்று, ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, இந்தியக் கழகமொன்றின் ஊதியத்தை ஏற்று, அதன் சட்டையை அணிந்து உழைக்க இருவர் வந்தனர். ஆள வந்தவரை வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. உழைக்க வந்தவர்க்கு ஒரு பக்கமேனும் ஒதுக்குவது நியாயம்.

‘ஓரிடத்தில் நிலைத்திருந்தால் எவ்வளவோ உயர்ந்திருக்கலாமே’ என்று ஊருக்குச் செல்லும்போதெல்லாம் உறவினர் நம்மைப் பார்த்துக் கூறுவதுண்டு. மூன்று மாற்றல்களில் மூன்று மொழிகளின் பேச்சுக்குச் செவி பழக்கிக்கொண்ட நான், அதற்கு நேரான விடை இதுவரை கண்டதில்லை. இனி எவரேனும் கேட்டால், போஸ்டிகாவின் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். போன இடமெல்லாம் மாலை விழவில்லை. போன இடமெல்லாம் உழைப்பு இருந்தது. அழைப்பு வந்த அந்த ஓரிரவில், கால் நடுங்கவில்லை.