இருபத்தெட்டு நிமிஷம்

ராயபுரம், காசிமேடு பக்கம் வயதான பெரியவர் யாரிடமாவது ‘பாக்ஸிங்’ என்று சொல்லிப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று ஆரம்பித்துவிடுவார்! யார் யாரைச் சாய்த்தார் என்பதெல்லாம் மனப்பாடம். சரி, சாய்ந்தவர் என்ன ஆனார்? அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை.

லண்டனில் ஒருவர் கோர்ட் ஏறிக் கேட்டார். பெயர், மைக்கேல் வாட்சன்.

1991, செப்டம்பர் 21. உலகப் பட்டத்துக்கான சண்டை. 11-வது ரவுண்டில் எதிராளி கிறிஸ் யூபாங்கைக் கீழே தள்ளுகிறார் வாட்சன். ‘முடிஞ்சது கதை’ என்று கூட்டம் கத்த, எழுந்த யூபாங்க் விட்டார் ஒரு குத்து! 12-வது ரவுண்டில் ரெஃப்ரி சண்டையை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் வாட்சன் மயங்கிச் சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு.

டாக்டர்கள் இல்லையா? இருந்தார்கள். ஆனால், ஒருவர் வந்து பார்க்க ஏழு நிமிடம். உடனே செயற்கை சுவாசம் கொடுக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது 28 நிமிடம் ஓடிவிட்டது. அங்கேயோ, மூளை ஆபரேஷன் வசதி கிடையாது! மறுபடி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். நாற்பது நாள் கோமா.

பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் மீது வழக்கு. ‘விதி போடுவதுதான் எங்கள் வேலை, போட்டி நடத்துவது வேறு ஆள்’ என்றது வாரியம். விதி போடுகிறவருக்குத்தான் பொறுப்பு என்றது கோர்ட். 1999-ல் தீர்ப்பு, 2000-ல் அப்பீலிலும் அதே! நஷ்டஈடு கொடுக்க லண்டன் தலைமையகத்தையே விற்றது வாரியம். நடக்கவே மாட்டார் என்று சொல்லப்பட்ட வாட்சன், 2003-ல் லண்டன் மாரத்தானை ஆறு நாளில் நடந்தே முடித்தார்.

லண்டன் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? 2004, டிசம்பர் 5, பெங்களூர். ஃபெடரேஷன் கோப்பை ஃபைனல். கோல் அடித்த கையோடு கோல்கீப்பர் மீது மோதி விழுந்தார் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர். எழுந்திருக்கவே இல்லை. மைதானத்தில் மருத்துவ ஏற்பாடு எங்கே என்று அப்புறம்தான் எல்லோரும் கேட்டார்கள்.

நம்மிடம் 2008-லிருந்து 108 இருக்கிறது. ஆனால், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால், ஸ்டான்லிக்குப் போக எத்தனை நிமிடம்? திருவொற்றியூரில் உங்கள் பிள்ளையின் ஸ்போர்ட்ஸ் டே வரும். பரிசளிக்க யார் வருகிறார் என்பது இருக்கட்டும். ஹெட்மாஸ்டரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: முதலுதவி தெரிந்தவர் யார்? தலையில் அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி? ஆம்புலன்ஸ் உள்ளே வரும் கேட்டின் சாவி யாரிடம்?