கூட்டு மருந்தின் கதை

ரத்தக் கொதிப்பு சத்தமில்லாத வியாதி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒருநாள் திடீரென்று ஆளைச் சாய்த்துவிடும். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், 1945 ஏப்ரல் 12 அன்று சித்திரக்காரி முன் உட்கார்ந்திருந்தபோது பிடரியில் வலி என்றார். மூளையில் ரத்தம் கசிந்து அன்றே இறந்தார். அப்போது அவருடைய ரத்த அழுத்தம் 300/190. மகா யுத்தத்தை நடத்திய மனிதருக்குக் கொடுக்க வைத்தியர்களிடம் தக்க மருந்து ஒன்றும் இல்லை.

நம் தேசத்திலோ ஒரு வேர் இருந்தது. சித்தப் பிரமைக்கு ஆயுர்வேத வைத்தியர்கள் கொடுத்துவந்த சர்ப்பகந்தா. அது ரத்த அழுத்தத்தைத் தணிக்கிறது என்று 1931-லேயே கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதிவிட்டார்கள். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் பிரிட்டிஷ் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் பார்த்தது. 1952-ல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸீபா கம்பெனியார் அந்த வேரிலிருந்து ரெஸர்பினைப் பிரித்தெடுத்தார்கள்.

ஆனால் ரெஸர்பின் அதிகமானால் மனம் சோர்ந்துபோகும். ஹைட்ரலஸின் என்ற மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்தும்; கூடவே நாடியைப் படபடக்க வைக்கும், உடம்பில் உப்பைத் தேக்கும். இரண்டோடும் ஹைட்ரோகுளோரோதயஸைடைச் சேர்த்தார்கள். ரெஸர்பின் படபடப்பை அடக்கியது. தயஸைட் உப்பைச் சிறுநீரில் வெளியேற்றியது. ஒவ்வொன்றின் அளவும் குறைந்தது. ஒருவர் குறையை மற்றவர் மூடி நடத்தும் கூட்டுக் குடும்பம் என்றே இன்டர்மீடியட் ரசாயனத்தோடு நின்றுவிட்ட எனக்கு இது புரிகிறது.

இந்தக் கூட்டு உயிரைக் காக்குமா? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் எட்வர்ட் ஃப்ரைஸ் என்ற டாக்டர் சோதித்தார். அழுத்தம் மிக அதிகமாக இருந்த 143 ஆண்கள். 73 பேருக்கு இந்த மூன்று மருந்து. 70 பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. 1967-ல் முடிவு வெளியாயிற்று. வெறும் மாத்திரைக்காரர்களில் 27 பேருக்கு ஆபத்தான கோளாறுகள், அவர்களில் நால்வர் மரணம். மருந்துக்காரர்களில் கோளாறு இரண்டே பேருக்கு, மரணம் இல்லை.

இன்று ரெஸர்பின் அநேகமாக மறைந்துவிட்டது. சேர்க்கை மாறியது, தத்துவம் மாறவில்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ரத்தக் கொதிப்புக்கான கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ரூஸ்வெல்ட் இறந்த கதை எல்லோருக்கும் தெரியும். வெறும் மாத்திரையை நம்பி விழுங்கிய அந்த நால்வரின் பெயர் யாருக்கும் தெரியாது. காலையில் மாத்திரை போட்டுக்கொள்ளும் நாமெல்லாம் அவர்களுக்குத்தான் கடன்பட்டிருக்கிறோம்.