ஒரு நொடியில் வருவதன்று: பக்கவாதத்தின் வரலாறு நமக்குச் சொல்வது

ஒரு நோய்க்கு மனிதன் வைத்த பெயரைக் கேட்டாலே, அதனை அவன் எவ்வாறு விளங்கிக்கொண்டான் என்பது தெரிந்துவிடும். நம் ஊர்களில் 'வாதம் அடித்துவிட்டது' என்கிறோம். 'கை கால் விழுந்துவிட்டது', 'ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது' என்கிறோம். பண்டைய கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயருக்கு, அடித்து வீழ்த்தப்படுதல் என்பது பொருள். இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் ஸ்ட்ரோக் என்ற சொல்லுக்கும் அடி என்பதே பொருள். அரபு மருத்துவர்கள் மனிதன் திடீரென உணர்விழந்து சாய்வதை 'ஸக்தா' என்றனர்; பேச்சடங்கிய மௌனத்தைக் குறிக்கும் சொல் அது. உடலின் ஒரு பாதி செயலிழப்பதை 'ஃபாலிஜ்' என்றனர். இரண்டாகப் பிளத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது அது.

இப்பெயர்கள் பலவும் ஒரே கருத்தைத் தாங்கி நிற்கின்றன. எங்கிருந்தோ ஓர் அடி விழுந்தது. அதற்கு முன் ஒன்றுமில்லை. நோயாளியை நலம் விசாரிக்கச் செல்லும் வீடுகளில் இன்றும் நாம் இதைத்தான் கேட்கிறோம்: "நேற்று இஷா வரை நன்றாகத்தான் இருந்தார்." ஆனால் மருத்துவ வரலாறு கடந்த முந்நூற்றைம்பது ஆண்டுகளாக மெல்ல மெல்ல வெளிக்கொணர்ந்த உண்மை இதற்கு நேர்மாறானது. அடி விழுவது ஒரு நொடியில்தான். அதற்கான ஆயத்தமோ பல ஆண்டுகளாக உடலுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஆண்டுகள்தாம் நம் கையில் உள்ளவை.

நம் முன்னோர் இந்நோயை நன்கு அறிந்திருந்தனர். கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் மகனார் அபான் இப்னு உஸ்மான் (ரஹ்) அவர்கள் மதீனாவின் ஆளுநராக இருந்தவர், ஹதீஸ் அறிவிப்பாளர். அவரை ஃபாலிஜ் தாக்கியிருந்தது. காலையும் மாலையும் மும்முறை ஓதினால் எந்தத் தீங்கும் அணுகாது என்ற புகழ்பெற்ற துஆவை அறிவித்தவர் அவரே. அதனைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், முடங்கிய அவரது உடலையே வியப்புடன் பார்த்தார். அபான் (ரஹ்) அவர்கள் அதை மறைக்கவில்லை, சினக்கவுமில்லை. ஹதீஸ் உண்மையானதே என்றும், தம்மை நோய் தாக்கிய அன்று தாம் அதனை ஓதவில்லை என்றும், அல்லாஹ்வின் நாட்டம் நிறைவேறவே அவ்வாறு நிகழ்ந்தது என்றும் விடையளித்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

அப்பாஸியர் காலத்தில் தலைமைக் காஜியாக இருந்த அஹ்மத் இப்னு அபீதுஆத் என்பவரைக் கி.பி. 848இல் இந்நோய் தாக்கியது. பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் தம் முதுமையை ஒரு பாதி உடல் செயலிழந்த நிலையில்தான் கழித்தார். 1037இல் மறைந்த இப்னு சீனா, தமது 'அல்கானூன்' நூலில் ஸக்தாவைத் தனியே ஆராய்ந்து, மூளையின் வழிகள் அடைபடுவதை அதன் காரணமாகக் கூறினார். ஆயினும் இரத்தம் உடலெங்கும் சுற்றிவருகிறது என்பதே அன்று மருத்துவ உலகுக்குத் தெரியாது. ஆகவே எது அடைபட்டது, ஏன் அடைபட்டது என்பவற்றை உறுதி செய்ய அவர்களுக்கு வழியில்லை.

1628இல் வில்லியம் ஹார்வி இரத்தச் சுழற்சியை விளக்கிய பிறகே அவ்வழி திறந்தது. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரைச் சேர்ந்த யோஹான் யாகோப் வெப்ஃபர் என்ற மருத்துவர், இவ்வாறு விழுந்து இறந்தவர்களின் தலையைத் திறந்து ஆராய்ந்து 1658இல் ஒரு நூல் வெளியிட்டார். சிலருடைய மூளையில் இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. மூளைக்குச் செல்லும் குழாய்கள் அடைபட்டாலும் இதே நிலை ஏற்படலாம் என்பதையும் அவர் எடுத்துரைத்தார். இன்றும் மருத்துவர்கள் பக்கவாதத்தை இவ்விரு வகையாகவே பிரிக்கின்றனர்: இரத்தக்குழாய் அடைபடுவது ஒன்று, வெடிப்பது மற்றொன்று. பெரும்பாலும் நிகழ்வது முதல் வகை.

குழாய் ஏன் கெடுகிறது? இக்கேள்விக்கு விடை காண இன்னும் ஒரு கருவி தேவைப்பட்டது. ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு குதிரையின் இரத்தக்குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் அதில் எட்டடிக்கு மேல் ஏறி நின்றதை 1733இல் எழுதினார். இரத்தத்திற்கு அழுத்தம் உண்டென்பது கண்ணால் காணப்பட்டது. 1896இல் இத்தாலியின் ரிவா ரோச்சி, கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் முறையைத் தந்தார். 1905இல் ரஷ்யாவின் கொரோட்காஃப், ஸ்டெதஸ்கோப்பை வைத்து மேல் அளவு, கீழ் அளவு இரண்டையும் கேட்டறியும் முறையைச் சேர்த்தார். நம் கையில் இன்று கட்டப்படும் பட்டை அவ்வாறு வந்ததே.

அளக்கத் தெரிந்தது, ஆனால் அந்த எண்ணுக்கு அஞ்சத் தெரியவில்லை. வயதானால் குழாய்கள் இறுகும், இறுகிய குழாயில் இரத்தம் ஓடக் கூடுதல் அழுத்தம் வேண்டும், அதைக் குறைப்பதே ஆபத்து என்று மருத்துவர் பலரும் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையின் விலையை உலகமே கண்டது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 1937இல் 162/98 ஆக இருந்தது. 1941இல் 188/105 ஆனது. அவர் நலமாகவே இருக்கிறார் என்று அவருடைய தனி மருத்துவர் நாட்டுக்குச் சொல்லிவந்தார். 1944 மார்ச்சில் ஹாவர்ட் புரூயன் என்ற இதய மருத்துவர் பரிசோதித்தபோது அது 186/108, இதயமும் தளர்ந்திருந்தது. ஓய்வு, உப்புக் குறைந்த உணவு, இதயத்திற்கான மருந்து இவையே அன்று அவரால் தர இயன்றவை. 1945 ஏப்ரல் 12 அன்று, தலையில் கடும் வலி என்று சொல்லிச் சாய்ந்த ரூஸ்வெல்ட் சில மணி நேரத்தில் இறந்தார். அப்போது அளந்த அழுத்தம் 300/190, மூளையில் இரத்தக்கசிவு. வயது 63. வானத்திலிருந்து இடி விழுந்தாற்போல வந்தது என்று அன்று பேசப்பட்டது. எட்டு ஆண்டுகளாக எண்கள் ஏறிக்கொண்டே வந்திருந்தன.

மூன்றாண்டுகள் கழித்து, 1948இல், அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற சிற்றூரில் ஓர் ஆய்வு தொடங்கியது. அவ்வூரின் ஆண்களும் பெண்களுமாக 5,209 பேரை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்துப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். யாருக்கு நோய் வந்தது, வருவதற்கு முன் அவர் உடலில் என்ன இருந்தது என்று ஒப்பிட்டனர். உயர் இரத்த அழுத்தமே பக்கவாதத்தின் முதன்மைக் காரணி என்பதை 1970இல் அவர்கள் வெளியிட்டனர். ஒழுங்கற்ற இதயத் துடிப்பு ஆபத்தை ஐந்து மடங்களவு உயர்த்துகிறது என்பது 1978இல் வெளியாயிற்று. 1988இல் புகைப்பழக்கத்தின் பங்கு எழுதப்பட்டது.

குறைத்தால் காப்பாற்றலாமா என்ற கேள்விக்கு எட்வர்ட் ஃபிரீஸ் தலைமையில் நடந்த ஆய்வு 1967இல் விடை தந்தது. கீழ் அளவு 115க்கு மேல் இருந்த 143 ஆண்கள். பாதிப்பேருக்கு மருந்து, மற்றவர்க்கு மருந்தில்லா மாத்திரை. மருந்தில்லாதவர்களிடையே 27 கடும் பாதிப்புகள் நேர்ந்தன, மருந்துண்டவர்களிடையே 2. 'வயதானவருக்குப் பிரஷர் இருக்கத்தான் செய்யும்' என்ற பேச்சுக்கு 1991இல் விடை கிடைத்தது. அறுபது வயதைக் கடந்த, மேல் அளவு மட்டும் உயர்ந்திருந்த 4,736 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்துண்டவர்களுக்குப் பக்கவாதம் 36 விழுக்காடு குறைந்தது.

மருந்து மட்டுமன்று, சமையலறையும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1951 முதல் 1980 வரை ஜப்பானில் மரணத்தின் முதற்காரணம் பக்கவாதமே. குளிர் மிகுந்த வடபகுதியில் உப்பிட்ட மீனும் ஊறுகாயும் மிசோவும் அன்றாட உணவு; 1950களில் அங்கு ஒருவர் நாளொன்றுக்கு உண்ட உப்பு ஏறத்தாழ 27 கிராம் என்று கணக்கிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் வரம்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊர் ஊராக இரத்த அழுத்தத்தை அளந்து, உப்பைக் குறைக்கக் கற்பித்து, மருந்தும் தந்தபின் அந்நாட்டின் நிலை மாறியது. 1981இல் பக்கவாதம் முதலிடத்தை விட்டு இறங்கியது. ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் இல்லாமல் சோறு இறங்காத நம் வீடுகளுக்கு இதில் படிப்பினை உண்டு. ரமளானில் நாள் முழுதும் வயிற்றைக் காத்து, இஃப்தாரில் உப்பும் எண்ணெயும் மிகுந்த பலகாரங்களால் அதனை நிரப்புவதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான ஒரு பேராய்வு, பக்கவாதங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குப் பத்துக் காரணிகளே பொறுப்பு என்றது. உயர் இரத்த அழுத்தம் அவற்றில் முதலாவது. உடலுழைப்பின்மை, கொழுப்பு, தவறான உணவு, இடுப்புப் பருமன், மன அழுத்தம், புகை, இதய நோய், மது, சர்க்கரை நோய் ஆகியவை மற்றவை. மாற்றவே இயலாத வயதும் பரம்பரையும் இப்பட்டியலில் இல்லை. இதில் உள்ளவை யாவும் மனித முயற்சிக்கு உட்பட்டவை.

இங்கே சிலர், "எல்லாம் களா கத்ர், நாம் என்ன செய்ய இயலும்?" என்பர். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை ஒட்டி, ஷாம் நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியின்பால் செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். மருந்துண்பதும் உப்பைக் குறைப்பதும் விதியை மறுப்பதன்று. விதிக்குள் நமக்குத் திறந்துவைக்கப்பட்ட வாசல் வழியே நடப்பதாகும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

நாம் மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர். மருந்தின் பெயரும் அளவும் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. ஆயினும் இவ்வரலாறு தெளிவாகக் காட்டும் சிலவற்றைச் சொல்லாமல் இருத்தல் தகாது.

முதலாவது, அளந்துகொள்ளுங்கள். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது; தலைசுற்றினால் பார்த்துக்கொள்வோம் என்று காத்திருப்பது ரூஸ்வெல்ட்டின் கதையையே மீண்டும் எழுதுவதாகும். தேநீர் அருந்தியவுடனோ நடந்து வந்தவுடனோ அளக்காமல், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின் அளக்க வேண்டும். பலமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் மருத்துவரைக் காணுங்கள். சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, 'இப்போது சரியாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். எண் குறைந்திருப்பது மாத்திரை வேலை செய்வதால்தான். நோன்பு வைக்க விரும்புவோர், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்து நேரத்தை மாற்ற இயலுமா என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நோன்பு உடலைக் கெடுக்கும் என்று அவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதில் எந்த இழுக்கும் இல்லை.

மூன்றாவது, பீடி, சிகரெட், வெற்றிலையோடு மெல்லும் புகையிலை ஆகியவற்றை விடுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் நடங்கள். பெண்கள் வீட்டு வேலையே போதும் என்று எண்ணாமல், நடப்பதற்கும் தம்மைப் பரிசோதித்துக்கொள்வதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தை அவர்களுக்கு உண்டாக்கித் தருவது வீட்டு ஆண்களின் கடமை.

நான்காவது, அடி விழுந்துவிட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கையோ காலோ தளர்தல், பேச்சு குழறுதல், இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை மூன்று மணி நேரத்திற்குள் தந்தால் பலனுண்டு என்று 1995இலும், நாலரை மணி வரை தரலாம் என்று 2008இலும் நிறுவப்பட்டது. எண்ணெய் தேய்ப்பதிலும் புறா இரத்தம் பூசுவதிலும் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மூளையின் ஒரு பகுதியை இழக்கச் செய்கிறது. வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம், இரத்தக்கசிவாக இருந்தால் மாத்திரையே தீங்காகலாம். அறிகுறி சில நிமிடங்களில் தானே மறைந்தாலும் அன்றே மருத்துவரைக் காணுங்கள்; அது பெரிய அடிக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். இரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்றும், அதைக் கையாளத் தெரிந்த இளைஞர் ஒருவரும் போதும். மாதத்தில் ஒரு வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் வருவோர்க்கெல்லாம் அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொடுக்கலாம். பெண்களுக்கு மத்ரஸாவில் வேறொரு நாள் ஏற்பாடு செய்யலாம். ஜப்பானின் சிற்றூர்களில் மாற்றம் தொடங்கியதும் இவ்வாறே.

காலையிலும் மாலையிலும் அபான் (ரஹ்) அவர்கள் கற்பித்த துஆவை ஓதுவோம். மருத்துவர் தந்த மாத்திரையையும் வேளை தவறாமல் உண்போம். வல்ல ரஹ்மான் நம் பெற்றோரையும் குடும்பத்தாரையும் பாதுகாத்து, நோயுற்றோர்க்கு முழு ஷிஃபா அருள்வானாக. ஆமீன்.