மசாலா பிஸ்கட் துண்டுகள்

மைதா, வெண்ணெய், கருப்பட்டிப் பாகு, சுக்கு, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் சேர்ந்த மாவைத் தட்டில் மொத்தமாகப் பரப்பிச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டு எடுக்கும் பழைய பாணிப் பலகாரம் இது. உருட்டுவது, தட்டுவது, அச்சில் வெட்டி ஒவ்வொன்றாக அடுக்குவது என்ற வேலை எதுவும் கிடையாது. மைசூர்பாகுக்குப் போல ஒரு தட்டும் ஒரு கத்தியும் போதும். மேல்பக்கம் லேசாக இறுகி, உள்ளே மெல்ல மெல்ல இழுக்கிற மென்மையோடு இருக்க வேண்டும். மொறுமொறுப்பாக வந்தால் அது வேறு பண்டம்.

இதற்கு உலகமெங்கும் சொந்தக்காரர்கள் உண்டு. மூத்தது ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து லெப்குகன். சுற்றுக்காடுகளில் தேன் கிடைத்தது. ஊரைக் கடந்துபோன வணிகப் பாதைகளில் மசாலா வந்தது. அந்நகரில் லெப்குகன் சுடுபவர்கள் 1643-இல் தங்களுக்கென்று தனிச் சங்கமே வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஓட்ஸும் கரும்புச் சாறு காய்ச்சிய கரும்பாகும் சேர்த்துச் சுடும் பார்கின், நவம்பர் 5-ஆம் தேதி வாணவேடிக்கை இரவுக்கு உரியது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சமையல் புத்தகங்களில் இடம்பிடித்த ஹெர்மிட்ஸ், மொலாசஸும் உலர்திராட்சையும் போட்டது. மூன்றுமே வைத்துச் சாப்பிடுவதற்காகச் செய்தவை. சுட்ட அன்றைக்கு இருப்பதைவிட மூன்றாம் நாள் ருசி கூடும்.

நமக்குப் பக்கத்து உறவு இலங்கையின் லவ் கேக். வறுத்த ரவை, முட்டை மஞ்சள் கரு, பொடியாக நறுக்கிய முந்திரி, பூசணிப் பாகு, தேன், ஏலம், பட்டை, ஜாதிக்காய், பன்னீர் என்று தாராளமாகப் போட்டு, தட்டில் ஊற்றி, போறணை என்னும் சுடும் அடுப்பில் சுட்டுச் சதுரமாக வெட்டுவார்கள். பெயர் கேக், கையில் எடுத்தால் பிஸ்கட் துண்டின் தங்கச்சி.

மிளகும் இஞ்சியும் ஏலமும் மலபாரிலிருந்தும், பட்டை இலங்கையிலிருந்தும், கிராம்பும் ஜாதிக்காயும் மொலுக்கஸ் தீவுகளிலிருந்தும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிப் போயின. ஆனால் தமிழ்நாட்டு அடுக்களையில் சுடும் அடுப்பு இருந்ததில்லை. வேகவைத்தோம், பொரித்தோம், கல்லில் வார்த்தோம். நாலு பக்கமும் சூடு சூழ்ந்து வேகும் பெட்டி நம் வீட்டுச் சாமான் இல்லை. சைதாப்பேட்டைச் சின்னமலையில் போர்த்துக்கீசியர் தேவாலயம் கட்டியது 1551-இல். ஐரோப்பியர் அவ்வளவு முன்னாலேயே வந்தும், அந்தச் சின்னமலையிலும் பரங்கிமலையிலும் இன்றும் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கும் குல்குல்லும் எண்ணெய்ச் சட்டியில்தான் வேகின்றன. கேக் வேண்டுமென்றால், மாவை வீட்டில் கலந்து தட்டோடு பக்கத்து பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய், அவர்களுடைய விறகு அடுப்பில் சுட்டு வாங்கி வரும் வழக்கம் சென்னை ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் நெடுநாள் இருந்தது.

அந்தப் பேக்கரிகளும் அப்போது விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஸ்மித் ஃபீல்டு பேக்கரி 1885-இலும், மெக்ரெனெட் 1903-இலும் தொடங்கியவை. மேற்குக் கரையில், அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்து முதலாளி மர்டாக் பிரவுன், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி, அதே போல ஒன்று செய்யச் சொன்னதாகவும், தலச்சேரி பேக்கரிக்காரர் மம்பள்ளி பாபு உள்ளூர்ச் சரக்கை வைத்தே அதைச் செய்து கொடுத்ததாகவும் 1883-ஆம் ஆண்டுக் கதை ஒன்று உண்டு. பிராந்திக்குப் பதிலாக முந்திரிப் பழமும் கதலிப் பழமும் போட்டு வடித்த சாராயம் சேர்ந்ததாம். கிடைப்பதை வைத்துச் சமாளிப்பது இந்தத் தொழிலின் பிறவிக் குணம்.

பிஸ்கட் சுடுகிறவர்களுக்குச் சென்னையில் பெரிய எதிரி காற்றின் ஈரம். கடலும் அடையாறும் பக்கத்திலேயே. மொறுமொறுப்பான பிஸ்கட் டப்பா திறந்த அரைமணியில் நமுத்துப்போகும். கருப்பட்டித் துண்டுக்கு அந்தக் கவலையே வேண்டாம். கருப்பட்டியிலும் தேனிலும் உள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளவை. நமுப்பதுதான் இதற்கு அழகு. வீட்டில் முதன்முதலாகச் சுட நினைப்பவர்கள் வெண்ணெய் பிஸ்கட்டை விட்டுவிட்டு இதில் தொடங்குவது நல்லது.

8 அங்குலச் சதுரத் தட்டுக்கு மைதா 180 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், கருப்பட்டி 150 கிராம், முட்டை ஒன்று, சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, சாதா உப்பு ஒரு சிட்டிகை. சுக்குத்தூளும் பட்டைத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, கிராம்பும் ஜாதிக்காயும் கால் கால். அதற்கு மேல் கிராம்பு போட்டால் பல்வலித் தைலத்தைத் தின்ற மாதிரி ஆகிவிடும். கைப்பிடி உலர்திராட்சை, கைப்பிடி முந்திரி.

கருப்பட்டியைத் தட்டி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு உருக்கி, கட்டாயம் வடிகட்ட வேண்டும். பேர்போன உடன்குடிச் சரக்கானாலும் அடியில் மண் தங்கத்தான் செய்யும். பாகு விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே வெண்ணெயையும் முட்டையையும் சேர்ப்பது. அவசரப்பட்டால் முட்டை வெந்து பொடிமாஸாகிவிடும். பிறகு மைதாவையும் மற்றவற்றையும் கலந்து தட்டில் பரப்புவது. சோடா உப்பு பொங்கப் புளிப்பு தேவை. மேல்நாட்டு மொலாசஸில் அது தானாகவே இருக்கிறது. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் கருப்பட்டியின் புளிப்பை நம்ப முடியாது. ஒரு மேசைக்கரண்டி தயிர் அந்தக் குறையைத் தீர்க்கும். முட்டை சேர்க்காத வீடுகளில் தயிரை நாலு கரண்டியாக்கி, தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். துண்டு சற்றுக் கேக் போலப் பொதபொதவென்று வரும், ருசிக்குப் பழுதில்லை.

மளிகைக் கடையில் பட்டை என்று தருவது பெரும்பாலும் தடித்த கேசியா. சுருள் சுருளாக, கையால் நொறுங்கும் மெல்லிய இலங்கைப் பட்டை விலை கூடியது. கருப்பட்டியின் முரட்டு வாசனைக்கு முன்னால் ஈடு கொடுப்பது என்னவோ கேசியாதான். சுக்கை இடித்ததும் சலித்து நார் நீக்குவது முக்கியம்.

ஓடிஜி அடுப்பு இருந்தால் 170 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். இல்லாதவர்கள் குக்கரில் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பு அல்லது மணல் பரப்பி, வளையம் வைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, உள்ளே அடங்கும் வட்டத் தட்டை இறக்கிச் சிறு தீயில் வைக்கலாம்; நேரம் இன்னும் பத்து நிமிடம் பிடிக்கும். ஓரம் தட்டை விட்டு விலகி, நடுப்பகுதி தொட்டால் இன்னும் அமுங்கும்போதே எடுத்துவிட வேண்டும். குச்சி சுத்தமாக வரட்டும் என்று காத்திருப்பவர்கள் ரஸ்க் தின்பார்கள். வெளியே வந்த பிறகும் தட்டின் சூட்டில் அது வேகும்.

பத்து நிமிடம் கழித்துத் தட்டிலேயே துண்டு போட்டு, முழுக்க ஆறியதும் எவர்சில்வர் டப்பாவில் அடுக்குக்கு ஒரு பட்டர் பேப்பர் வைத்து மூடினால் பத்து நாள் தாங்கும். மீறிக் காய்ந்து போனவற்றோடு ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு ஓர் இரவு மூடி வைத்தால், ரொட்டி விறைத்துப்போய்த் துண்டுகள் இளகிவிடும்.