பாட்டிலேயே விலாசம் வைத்த ஜான் ஹர்ட்

போன வாரம் பார்த்த ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 27 வயதில் செத்துப்போனவர். நள்ளிரவு, நாற்சந்தி, சாத்தான் என்று கதை கட்ட அவர் வாழ்க்கையில் இடமிருந்தது. மிசிசிப்பி ஜான் ஹர்ட்டிடம் அந்த வேலை நடக்காது. ஊரோடு இருந்தார், பயிர் செய்தார், மாடு மேய்த்தார், சனிக்கிழமை இரவு யாராவது கூப்பிட்டால் போய் வாசித்தார். ஊர் சுற்றி, சாராயம், கத்திக்குத்து என்று ப்ளூஸ் கலைஞர்களைப் பற்றி எழுதிப் பழகியவர்களுக்கு இந்த மனிதரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்தக் குழப்பத்தைத் தொடங்கிவைத்தவை இசைத்தட்டுக் கம்பெனிகள்.

மிசிசிப்பி மாநிலத்தின் கேரல் மாவட்டத்தில் அவலான் என்ற குக்கிராமத்தில் வளர்ந்தவர் ஹர்ட். ஒன்றரை டாலர் கொடுத்து அம்மா வாங்கித் தந்த கிதாரில் ஒன்பது வயதில் தானாகவே கற்றுக்கொண்டார். கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மாறி மாறி விழுந்து தாளத்தை விடாமல் பிடித்திருக்கும். மற்ற விரல்கள் மேல்தந்திகளில் பாட்டின் மெட்டை வாசிக்கும். கேட்டால் இரண்டு கிதார் என்று சத்தியம் செய்யத் தோன்றும். வேகம் காட்டமாட்டார், குரலையும் உயர்த்தமாட்டார். ரயில் பாதை வேலைக்குப் போன சில மாதங்களில் அங்கே கூலிகள் பாடிய பாட்டுகளையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

1920-ல் கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித் பாடிய தட்டு அமோகமாக விற்றதும், கறுப்பர்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்குப் புரிந்தது. உடனே பட்டியலை இரண்டாக வெட்டின. கறுப்பர் பாட்டுக்கு ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, நாட்டுப்புற வெள்ளையர் இசைக்குத் தனி வரிசை. அவலான் பக்கத்து நடனக் கூடங்களில் இந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை. வில்லி நார்மோர் என்ற வெள்ளைக்கார ஃபிடில்காரருக்கு வழக்கமான ஜோடி வராத நாளில் ஹர்ட்தான் கிதார் வாசிப்பார். ஓகே இசைத்தட்டுக் கம்பெனியின் டாமி ராக்வெல், நல்ல வாசிப்பாளர் வேறு யாராவது உண்டா என்று நார்மோரைக் கேட்டபோது, அவர் கைகாட்டியதும் ஹர்ட்டின் வீட்டைத்தான்.

1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் பதிவு. பெரிய கூடம், ஒரு மைக், ராக்வெல், கருவியை இயக்குபவர், அவ்வளவே. ஹர்ட்டை மைக்குக்கு நேராக உட்கார வைத்துத் தலையை அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பயத்தில் விறைத்து உட்கார்ந்ததில் பல நாள் கழுத்து வலித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பதிவான எட்டுப் பாட்டில் வெளிவந்தவை இரண்டுதான். டிசம்பரில் நியூயார்க்குக்கு அழைத்தார்கள். பாட்டுக்கு ஏறத்தாழ 20 டாலர். பெயருக்கு முன்னால் ‘மிசிசிப்பி’யை ஒட்டியதும் கம்பெனிதான், விற்பனைக்காக. அந்தப் பெருநகரத்துக் குளிரில் ஊர் ஞாபகம் வந்து, ஊர்ப் பெயரைச் சொல்லி ஏங்குகிற ‘அவலான் ப்ளூஸ்’ பாட்டையும் பதிவு செய்தார்.

மறு வருஷம் பங்குச் சந்தை கவிழ்ந்தது. தட்டு விற்பனை படுத்தது. ஹர்ட் பருத்திக் காட்டுக்குத் திரும்பினார். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அவரைத் தேடி யாரும் வரவில்லை.

1952-ல் ஹாரி ஸ்மித் என்ற விசித்திர மனிதர், தான் சேர்த்த பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். ஹர்ட்டின் இரண்டு பாட்டுகள் அதில் இருந்தன. பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்பதை ஸ்மித் வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. கேட்டவர்களில் பலர், இவர் மலைநாட்டு வெள்ளைக்காரர் என்றே பல வருஷம் நம்பினார்கள். கம்பெனிகள் போட்ட கோட்டின் லட்சணத்தை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது.

வாஷிங்டனில் இருந்த ப்ளூஸ் ரசிகர் டாம் ஹாஸ்கின்ஸும் நண்பர்களும் ‘அவலான் ப்ளூஸ்’ தட்டின் ஒலிநாடாவைக் கேட்டபோதுதான் அந்த ஊர்ப் பெயர் உறைத்தது. புதிய வரைபடங்களில் அவலான் இல்லை. 1878-ல் அச்சான ஒரு பழைய வரைபடத்தில் இருந்தது. 1963 மார்ச்சில் ஹாஸ்கின்ஸ் நேரே போய் அங்கிருந்த கடையில் விசாரித்தார். மேட்டில் ஏறினால் மூன்றாவது தபால் பெட்டி என்று வழி சொன்னார்கள்.

கதவைத் திறந்த ஹர்ட்டுக்கு மகிழ்ச்சி வரவில்லை, திகில்தான் வந்தது. எஃப்.பி.ஐ. ஆள் என்று நினைத்துவிட்டார். நியாயமான பயம். பக்கத்துக் கிரீன்வுட்டில் அதே மாதம், வாக்காளராகப் பதிவு செய்யப் போன கறுப்பர்கள் மீது போலீஸ் நாய்களை ஏவியிருந்தது. முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் வாசலில் வந்து நின்றால் வேறென்ன நினைப்பது? மாதம் 28 டாலருக்கு மாடு பார்த்துக்கொண்டிருந்தவரிடம் சொந்தக் கிதார்கூட இல்லை. ஹாஸ்கின்ஸ் தன் கிதாரைக் கொடுத்தார். கை கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, ஆனால் அதே கை.

அந்த ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடை, அடுத்து காபி கிளப்புகள், கல்லூரிகள், ஜானி கார்சனின் டி.வி. நிகழ்ச்சி. இரட்டை அர்த்தம் வழியும் ‘கேண்டி மேன்’ பாட்டைப் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்கிற முகத்தோடு பாடுவார். மாணவர்கள் அவரைச் சாந்த சொரூபியாக்கிக் கொண்டாடினார்கள். அதுவும் ஒரு பட்டியல்தான் என்பது என் எண்ணம். வாரச் சாகுபடியில் முதுகொடிந்த ஒருவரின் அரை நூற்றாண்டு, அந்தப் புன்னகைப் படங்களில் தெரிவதில்லை. 1966 நவம்பர் 2-ந் தேதி, கிரெனடா நகரில் மாரடைப்பில் காலமானார். இரண்டாம் முறை கிடைத்த புகழ் மூன்றரை வருஷம் நீடித்தது.

அடுத்த வாரம் ஸ்கிப் ஜேம்ஸ். இவரும் தொலைந்துபோய், 1964-ல் டுனிகாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டெடுக்கப்பட்டவர். தேடி வந்தவர்களைப் பார்த்து இவருக்குப் பயமில்லை. பெரிதாகச் சந்தோஷமும் இல்லை.